கத்தரிக்கோல் யார் கையில்?

"கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் வருவதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டிக்காரர்கள்! பூட்டு வேண்டுமா என்று கேட்கிறார்களே தவிர, சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்ல மறுக்கிறார்கள். அதைச் சொல்லட்டும் முதலில். பிறகு பூட்டைப் பற்றிப் பேசுவோம்.

இது படித்த நாலு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! திருநின்றவூர் ரயிலடியில் காலை வேளையில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஆலை வேலைக்குப் போகும் தொழிலாளர்கள். ஒரு கையில் சோற்றுப் பை, மறு கையில் கைபேசி. அந்தக் கைபேசிதான் இன்று அவர்களுக்கு நாளேடு, அதுதான் வானொலி, அதுதான் நாடகக் கொட்டகை, அதுதான் பொதுக்கூட்ட மேடை. அதில் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று தீர்மானிப்பவன், பாட்டாளி எதை நினைக்கலாம், எதை நினைக்கக்கூடாது என்பதையும் தீர்மானிக்கிறான். ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

கட்டுப்பாடே கூடாது என்று கூறுவோர் உண்டு. அவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைக்கிறோம்.

2018 மே மாதம். நம்முடைய இதே திருவள்ளூர் மாவட்டம். "பிள்ளை பிடிக்கும் கும்பல் வடக்கேயிருந்து வந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவிற்று. சொன்னவன் யார்? தெரியாது. கண்டவன் யார்? எவனுமில்லை. ஆனாலும் ஊர் நம்பிற்று. ஊருக்குப் புதியவராக அங்கே திரிந்த ஒரு மனிதரைப் பிடித்தார்கள், அடித்தே கொன்றார்கள், பாலத்திலே கட்டித் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்ற ஒரே 'குற்றத்துக்காக' அடித்துக் கொல்லப்பட்டார். மிட்டாய் கொடுத்த கைக்கு மரண தண்டனை! தீர்ப்பளித்த நீதிபதி யார்? கைபேசியிலே வந்த ஒரு பொய்!

ஐந்தாண்டு கழிந்தது. 2023 மார்ச்சில் மற்றொரு பொய். "தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிச் சாய்க்கிறார்கள்" என்று எங்கோ, எப்போதோ, எதற்கோ நடந்த சண்டைகளின் படங்களை ஒட்டித் தைத்துப் பரப்பினார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலே நம் தோழனோடு தோள் சேர்த்து இரும்பு சுமப்பவன் வடநாட்டுத் தொழிலாளி. அவனும் பாட்டாளி, இவனும் பாட்டாளி. இருவரும் ஒரே உலையின் வெக்கையில் வேகிறவர்கள். அவனுடைய தாய் பீகாரிலே அந்தப் படத்தைப் பார்த்து அலறினாள். அஞ்சிய தொழிலாளர்கள் மூட்டை கட்டி ரயிலேறினர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்தது. படங்கள் பொய் என்பதைத் தமிழ்நாட்டுக் காவல்துறை எடுத்துக் காட்டிய பிறகே கொந்தளிப்பு அடங்கிற்று. தொழிலாளியையும் தொழிலாளியையும் மோதவிட்டுக் கூலியைக் குறைக்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல ஆயுதம் வேறென்ன வேண்டும்?

ஆகவே, ஒழுங்கு வேண்டும். பொய்யைப் பரப்பி உயிரைக் குடிப்பவனுக்குத் தண்டனை வேண்டும். இதிலே நமக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆனால்...

இந்த 'ஆனால்' பெரிது, தோழர்களே! பழவேற்காட்டுப் பிணத்தைக் காட்டிப் பெற்ற கத்தரிக்கோலை, ஆளவந்தார்கள் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று பாருங்கள்.

2025 பிப்ரவரி. அமெரிக்காவிலிருந்து நம் நாட்டவரைக் கையிலும் காலிலும் விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். நாடே தலைகுனிந்தது. அதைக் குறித்து விகடன் தன் இணைய இதழின் அட்டையிலே ஒரு கேலிச்சித்திரம் போட்டது: அமெரிக்க அதிபர் டிரம்புக்கு அருகே, விலங்கு பூட்டப்பட்டவராகப் பிரதமர் மோடி. பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, மத்திய அமைச்சரிடம் புகார் கொடுத்தார். பிப்ரவரி 15-ஆம் நாள் விகடனின் இணையதளம் வாசகர்களுக்குத் திறக்கவில்லை. எந்த ஆணை? முன்கூட்டிச் சொல்லவில்லை. என்ன காரணம்? கேட்டுப் பெறவேண்டியிருந்தது. தளம் முடங்கிய பிறகுதான் நோட்டீசு வந்தது! தூக்கிலிட்டுவிட்டு விசாரணைக்கு நாள் குறிப்பதுபோல!

படம் ஒன்று, பூட்டப்பட்டதோ, ஏறக்குறைய நூறாண்டு வயதான ஒரு நிறுவனத்தின் இணைய வாசல் முழுவதும். ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்று நூல் நிலையத்தையே இழுத்துப் பூட்டுவதா? மார்ச் 6-இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. அந்தப் படத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. பூட்டு அவிழ்ந்தது. ஆனால் மூன்று வாரம் மூடிக்கிடந்ததே, அதற்கு யார் பதில் சொன்னார்கள்?

இந்தக் கொலையா அந்தக் கோட்டுப்படம்? பழவேற்காட்டிலே பொய் கொன்றது. விகடனிலே கேலி குத்திற்று. கொன்றதற்கும் குத்தியதற்கும் வித்தியாசம் தெரியாத கத்தரிக்கோல் எதற்கு?

டில்லியை மட்டும் குற்றம் சாட்டிவிட்டுக் கைகழுவ நாம் தயாரில்லை. கத்தரிக்கோல் கோட்டைக்கு வந்தபோதும் இதே வேலையைத்தான் செய்தது. 1987-இல் அட்டைப்படச் சிரிப்பு ஒன்றுக்காக அதே விகடனின் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. கண்டனம் கிளம்பவே, சில நாளில் வெளியே விட்டது. 2015-இல் மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனை நள்ளிரவிலே பிடித்துக்கொண்டு போய், அரசத் துரோகக் குற்றம் சாட்டிற்று அன்றைய அரசு. பாட்டிலே துரோகமாம்! பாட்டில் விற்பதிலே இல்லையாம்!

"சமூகத்தின் தரம் கெடுகிறது, அதனால்தான் வெட்டுகிறோம்" என்பார்கள். சமூகத்தின் தரம்! எந்தச் சமூகம்? யார் போட்ட தரம்?

நாற்பத்தைந்து மணி நேரப் பேச்சு வேண்டாம். நாலு சம்பவம் போதும்.

1952. 'பராசக்தி' திரையிலே வந்தது. "தடை செய்!" என்று கூக்குரல் எழுந்தது. ஏன்? சமூகத்தின் மனம் புண்பட்டதாம். பசித்தவனும் நசுக்கப்பட்டவனும் கொட்டகையிலே கைதட்டினார்களே, அவர்கள் சமூகமல்லவா? அவர்களுக்கு மனமில்லையா?

அதே 1952-இல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்தார் கேஸ்கர். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அவர் கண்டுபிடித்தார். அகில இந்திய வானொலியிலே சினிமாப் பாட்டைக் குறுக்கினார்கள். சாஸ்திரிய சங்கீதத்தை நிரப்பினார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? மறியலும் செய்யவில்லை, மனுவும் போடவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டார்கள்! 1957-இல் 'விவித பாரதி' தொடங்கி, அதே சினிமாப் பாட்டை அதே சர்க்கார் ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. மந்திரியின் காதும் மக்களின் காதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

1954. நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சென்னை அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து வந்த சட்டம் என்பதை நாடறியும். 1876-இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்தின் பேரப்பிள்ளை அது. அதன் பிரிவுகள் செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொல்வதற்குள், சட்டத்துக்கே ஏறக்குறைய அறுபது வயது ஆகிவிட்டது. சட்டம் போடுபவர் போய்விடுவார், சட்டம் போகாது!

2019. 'டிக்டாக்' செயலியைத் தடை செய்யுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏப்ரல் 3-இல் உத்தரவிட்டது; ஏப்ரல் 24-இல் தடையை நீக்கிற்று. குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் என்ற கவலை நியாயமானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்று ஊரிலே ஒலித்த குரல் அது மட்டுமா? "கண்ட கண்டவர்களெல்லாம் ஆடுகிறார்கள்" என்ற முகச்சுளிப்பும் சேர்ந்தே ஒலித்தது. யார் அந்தக் கண்ட கண்டவர்கள்? சித்தாள், செங்கல் சூளைக்காரர், தையற்காரி, ஆலைத் தொழிலாளி! மேடை கிடைக்காதவர்களுக்கு முதன்முதலாக ஒரு மேடை கிடைத்தபோது, சிலருக்குத் தரம் நினைவுக்கு வந்தது.

தரம் என்று இவர்கள் சொல்வது, பல நேரங்களில், மேலே இருப்பவனின் சுவைக்கு மறுபெயர். இதை மறவாதீர்கள்.

சரி, அரசின் கத்தரிக்கோல் வேண்டாம், கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடலாமா? அதையும் பார்த்தாயிற்று. பேஸ்புக்குக்கும் 'சமூகத் தர விதிகள்' உண்டு. கடல் தாண்டி எழுதப்பட்ட விதிகள். பர்மாவிலே ரோகிங்கிய மக்களுக்கு எதிராக நஞ்சு கக்கப்பட்டபோது அந்த விதிகள் உறங்கின; தாங்கள் போதிய அளவு தடுக்கவில்லை என்று 2018-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே 2018-இல் இலங்கையில் கண்டிப் பகுதியிலே முசுலிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோதும் அதே உறக்கம். 2020-இல் மன்னிப்புக் கேட்டார்கள். எரிந்த வீடு மன்னிப்பால் எழும்புமா? அதைச் சாக்கிட்டு, 2024 சனவரியில் இலங்கை அரசு இணையப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. எது பொய் என்று முடிவு கட்ட, குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஐவர் ஆணையம்! முதலாளியிடமிருந்து பிடுங்கிய கத்தரிக்கோலை அரசனிடம் கொடுத்தார்கள். ஆடு, ஓநாயிடமிருந்து தப்பிப் புலியிடம் போன கதை.

இந்தியாவில் இதே ஆசை 2023-இல் சட்டவிதி உருவெடுத்தது. மத்திய சர்க்காரின் செயல்களைப் பற்றிய செய்தி மெய்யா பொய்யா என்று மத்திய சர்க்காரே அமைக்கும் பிரிவு தீர்மானிக்குமாம்! குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவரே நீதிபதி நாற்காலியில் ஏறிக்கொள்வதா? பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த விதியைத் தள்ளிற்று. தமிழ்நாட்டு அரசும் 2023-இல் தகவல் சரிபார்க்கும் குழு ஒன்றை அமைத்தது. அரசு தன் தரப்பைச் சொல்லட்டும், "இது பொய், இதோ ஆதாரம்" என்று மறுக்கட்டும், வரவேற்போம். மறுப்பது வேறு, அழிப்பது வேறு. மறுக்கும் உரிமை எல்லோர்க்கும் உண்டு, அரசுக்கும் உண்டு. அழிக்கும் உரிமை தன் வழக்கிலே தனக்கே உண்டு என்று எந்த அரசும் சொல்லக்கூடாது.

இப்போது, கழகத் தோழர்களுக்கு ஒரு கசப்பு மருந்து.

"எதிரிகள் யூடியூபில் நம் தலைவர்களைத் தூற்றுகிறார்களே, அதையெல்லாம் அடைக்க வேண்டாமா?" என்று நம் தோழர்களிலே சிலர் கொதிக்கிறார்கள். கொதிப்பு புரிகிறது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு படம் வந்தது. நாம் உயிராகப் போற்றும் இடஒதுக்கீட்டைக் குறைசொன்ன படம். நமக்குக் கசந்தது, எதிர்த்தோம். உயர்நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றை ரத்து செய்தது. 1989-இல் உச்சநீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்தை அடக்கக்கூடாது. வெடிமருந்துப் பீப்பாயிலே விழும் தீப்பொறிபோல ஆபத்து நேரடியாக இருந்தாலொழிய அரசு குறுக்கிடக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

படம் வந்தது. இடஒதுக்கீடு செத்ததா? இல்லையே! வாதத்தால் வளர்ந்த கொள்கை, எதிர்வாதத்தால் சாகாது. இன்று விகடனுக்காக நீதிமன்றத்தில் நாம் நீட்டும் கேடயம், அன்று நமக்குக் கசந்த அந்தப் படத்துக்காக வார்க்கப்பட்டது என்பதை மறந்துவிடலாமா?

2024-இல் பெண் காவலர்களை இழித்துப் பேசிய யூடியூபர் ஒருவர் குண்டர் சட்டத்திலே அடைக்கப்பட்டார். பேச்சு அருவருப்பானது, அதற்கு வழக்குப் போடலாம், தண்டனையும் வாங்கித் தரலாம். ஆனால் விசாரணையின்றி அடைக்கும் சட்டம் எதற்கு? ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்தக் காவலை ரத்து செய்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கை அதிகாரியின் பென்சிலுக்குத் தப்ப, 1976 பிப்ரவரியில் அண்ணா நினைவு நாளுக்கு 'வர இயலாதோர்' என்று பட்டியல் போட்டுச் சிறைப்பட்டோர் பெயரை ஏட்டிலே தெரிவித்த இயக்கம் இது. கத்தரிக்கோலின் வெட்டு எப்படி வலிக்கும் என்று நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நாம் கேட்பது என்ன? தெளிவாகச் சொல்கிறோம்.

முதலாவது: கருத்தை விடுங்கள், தூண்டுதலைப் பிடியுங்கள். பேசுவது ஒன்று, வாதாடுவது ஒன்று, வன்முறைக்குத் தூண்டுவது வேறொன்று. இந்த வேறுபாட்டை உச்சநீதிமன்றமே 2015 மார்ச் 24-இல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவைச் செல்லாது என்றபோது எடுத்துக் காட்டிற்று. மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காக 2012-இல் புதுச்சேரிச் சிறுதொழில்காரர் ஒருவர் கைது செய்யப்பட்டது அந்தப் பிரிவிலேதான். பகைமூட்டுவோருக்கும் பீதி கிளப்புவோருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலே 196, 353 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. பழவேற்காட்டு வதந்திக்காரனைப் பிடிக்கச் சட்டம் இல்லாமலில்லை. பிடிக்கும் அக்கறைதான் வேண்டும்.

இரண்டாவது: வெட்டுவதை வெளிச்சத்திலே வெட்டுங்கள். 69-ஏ பிரிவின்கீழ் தளங்களை முடக்குவதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகள், புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. ஏன் இரகசியம்? எந்த அதிகாரி, எந்தக் காரணத்தால், எதை நீக்கச் சொன்னார் என்பது எழுத்திலே வரட்டும், ஊரறியட்டும்.

மூன்றாவது: கேட்டுவிட்டு வெட்டுங்கள். கலவரம் கண்ணெதிரே நிற்கும் அவசரம் வேறு. அப்போதுகூட, சில நாட்களுக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கத்துக்காக முழு ஏட்டையும் முடக்கும் வேலை கூடவே கூடாது.

நான்காவது: கம்பெனிக்காரனும் கணக்குக் காட்டட்டும். தமிழிலே வரும் புகாரைத் தமிழ் தெரிந்த மனிதர் படிக்கிறாரா, எந்திரம் படிக்கிறதா? நம்மிடம் சம்பாதிக்கிறவன் நம் மொழியில் பதில் சொல்லட்டும். கொலைகள் நாடெங்கும் நடந்த பிறகுதானே 2018 சூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்திற்று? செய்ய முடியும் என்றால், பிணம் விழுமுன் செய்திருக்கலாமே!

அரசுக்கு இவ்வளவு சொன்னோம். நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டாமா?

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தோம். முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். "எந்த ஏடு? எந்தத் தேதி? யார் சொன்னது?" என்று குறுக்குக் கேள்வி போடுவார்கள். படித்தவருக்கு முகம் இருந்தது. பொய் சொன்னால் மறுநாள் அந்த முகத்தோடு அதே கடைக்கு வரவேண்டியிருந்தது. இன்று கைபேசியிலே வரும் செய்திக்கு முகமில்லை. விரலால் ஒரு தள்ளு. பொய் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. எழுத்தறிவில்லாத காலத்துப் பாட்டாளி கேட்ட கேள்வியை, எழுதப் படிக்கத் தெரிந்த நாம் கேட்க மறக்கலாமா?

கிளைக்கழகம்தோறும் மூன்று தோழர்கள் போதும். வட்டாரத்திலே பரவும் செய்தியை விசாரித்து, மெய்யா பொய்யா என்று தகவல் பலகையிலே எழுதி வைக்கட்டும். கும்மிடிப்பூண்டி ஆலைவாயிலில் வடநாட்டுத் தோழனுக்கு அவன் மொழி அறிந்தவரைக் கொண்டு எடுத்துச் சொல்லட்டும். எதிர்க்கட்சிக்காரனைப் பற்றிய பொய் வந்தாலும், அது நமக்கு இனித்தாலும், நம் கையோடு நிற்கட்டும். சர்க்காரின் கத்தரிக்கோலை வேண்டாம் என்று சொல்ல உரிமை பெற்றவன், தன் நாக்குக்குத் தானே காவல் நிற்பவன்தான்.

திருநின்றவூருக்கு ஒரு கதை உண்டு. கோயில் கட்டப் பொருளில்லாத பூசலார் என்ற ஏழை, மனத்துக்குள்ளேயே கல் அடுக்கிக் கோயில் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. காஞ்சியிலே கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனே அதைக் காண ஓடிவந்தானாம். நம்புகிறவர்கள் நம்பட்டும், நமக்கு அதிலே தெரிவது வேறு. ஏழையின் மனத்துக்குள் எழும்பியதை இடிக்க அந்தப் புராணத்து மன்னன்கூட ஆள் அனுப்பவில்லை, "அனுமதி வாங்கினாயா?" என்று கேட்கவில்லை. தேர்தலில் வாக்குக் கேட்டு வந்த மன்னர்களுக்கு அந்த அளவு அடக்கமாவது வேண்டாமா?

கொல்லும் பொய்யைச் சட்டம் பிடிக்கட்டும், பகலிலே, பலரறிய, நீதிமன்றத்தின் வழியே!

குத்தும் கேலியைச் சிரித்துத் தாங்கட்டும், அல்லது பதில் சொல்லட்டும், ஆளவந்தார்கள்!

கத்தரிக்கோலை எடுப்பவர் எவராயினும், எந்தக் கொடியின் கீழ் நிற்பவராயினும், கையைக் காட்டச் சொல்லிக் கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்!